திரும்பி வரும் வழிக்கு வண்டி வாங்கு

தம்பி,

பன்றி வேட்டைக்குப் போய்வர நாலு சக்கர ஏடிவி வாங்கப் போகிறேன், சின்னது நல்லதா பெரியது நல்லதா என்று கேட்டிருந்தாய். கடைக்காரரைக் கேட்டால் பெரியது என்பார். உன் அம்மாவைக் கேட்டால் எதுவும் வேண்டாம் என்பாள். நெகிரி செம்பிலான் பகாவ் வட்டாரத் தோட்டங்களில் முதலில் ரப்பர் பால் வெட்டு, பிறகு செம்பனை என்று ஆயுளைக் கழித்தவன் ஆயிற்றே என்று என்னிடம் வந்திருக்கிறாய். போகிற வழிக்கு எந்த வண்டியும் போதும், தம்பி. திரும்பி வருகிற வழிக்குத்தான் பார்த்து வாங்க வேண்டும். நான் பட்டதும் பிறர் படக் கண்டதும் சேர்ந்து எனக்குச் சொல்லிக் கொடுத்தது இவ்வளவுதான். மற்றதெல்லாம் இதற்கு விளக்கம்.

1. வாங்குவதற்கு முன் நட. நீ ஓட்டப் போகும் இடத்தைக் காலால் அளந்து பார். செம்பனையை ஒன்பது மீட்டர் முக்கோணத்தில் நடுகிறார்கள். ஒரு ஹெக்டருக்கு 140 மரம், கொஞ்சம் கூடக் குறைய வரும். சாலையில் நின்று பார்த்தால் உள்ளே லோரியே போகலாம் போலிருக்கும். உள்ளே போனால்தான் ஒரு வரிசை விட்டு ஒரு வரிசையில்தான் பாதை என்பது தெரியும். இடைப்பட்ட வரிசையில் வெட்டிய மட்டையை அடுக்கியிருப்பார்கள். மட்டைக்கு அடியில் பாம்பு படுத்திருக்கும். மட்டைக் காம்பில் உள்ள முள், சின்ன டயர் பெரிய டயர் என்று பார்த்துக் குத்தாது. மேட்டு நிலமானால் டெரஸ் வெட்டியிருப்பார்கள். ஒரு பக்கம் மண்சுவர், மறுபக்கம் சரிவு. எந்த இடத்தில் பாரிட் வடிகால் குறுக்கே ஓடுகிறது, அதன் மேல் போட்ட தித்திப் பாலம் எவ்வளவு அகலம், எந்த மேட்டில் மழைநீர் பாதையை அரித்திருக்கிறது, இதையெல்லாம் பார்த்து வை. அந்தக் காலத்து மண்டோர்கள் புதிதாக வந்த துரையைக்கூட நடத்தியே கூட்டிப்போய்க் காடு காட்டுவார்கள். நடந்தவனுக்குத்தான் குழி தெரியும்.

2. சிசியைக் கேட்பதற்கு முன் எடையையும் அகலத்தையும் கேள். சின்ன வகைக்கு ஹோண்டா ரீகன் 250ஐ எடுத்துக்கொள். ஏறக்குறைய 200 கிலோ. அகலம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். பின்சக்கரம் மட்டும் இழுக்கும். பெரிய வகைக்கு யமஹா கிரிஸ்லி 700. அது 300 கிலோவுக்கு மேல். அகலம் 120 சென்டிமீட்டருக்கு மேல். வேண்டும்போது நாலு சக்கரமும் இழுக்கும். அதன் அடிவயிறு தரையிலிருந்து நிற்கும் உயரம் சின்னதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. கட்டையும் மட்டையும் தாண்டுவதில் பெரியதுதான் கெட்டி, மறுக்கவில்லை. ஆனால் டெரஸ் ஓரத்தில் ஒரு சக்கரம் சரிந்துவிட்டது என்று வைத்துக்கொள். சின்னதை நீயும் கூட வந்தவனுமாகப் பின்பக்கம் தூக்கிப் பாதையில் வைத்துவிடலாம். பெரியதற்கு வின்ச் வேண்டும், வின்ச் கயிற்றைக் கட்ட உறுதியான மரம் வேண்டும், இருட்டிக்கொண்டு வரும் நேரத்திலும் பதறாமல் அதை இயக்கும் நிதானம் வேண்டும். இந்த மூன்றில் கடையில் கிடைப்பது ஒன்றுதான். விரலுக்குத் தகுந்த வீக்கம் என்பார்கள் நம் பெரியவர்கள்.

3. உள்ளே போவதற்கு முன் திரும்பும் இடத்தைப் பார். நம் ஜெம்போல் பக்கம் பெனாரிக்கான் என்று ஒரு பழைய வழி இருந்தது உனக்குத் தெரிந்திருக்கும். மூவார் ஆற்றோடு சேரும் ஜெம்போல் ஆறும், பகாங் ஆற்றுப் பக்கம் ஓடும் செர்த்திங் ஆறும் அங்கே சில நூறு மீட்டர் இடைவெளியில் நெருங்கி வருகின்றன. தார்ச்சாலை இல்லாத காலத்தில் வியாபாரிகள் ஓர் ஆற்றிலிருந்து படகைக் கரையேற்றி, தரைமேல் இழுத்துப்போய், மற்ற ஆற்றில் இறக்கினார்கள். இப்படியே மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்குப் போனார்கள். 1511இல் மலாக்காவைப் போர்த்துகீசியரிடம் இழந்த சுல்தான் மஹ்மூத் பகாங்குக்குப் போனதும் இந்த வழியாகத்தான் என்று சொல்வார்கள். அந்த இடத்தில் பெரிய மரக்கலத்துக்கு வேலையில்லை. ஆள்கள் இழுத்துக் கரைசேர்க்க முடிந்த படகுதான் அக்கரை கண்டது. தோட்டத்துப் பாதையிலும் கணக்கு அதுதான். முன்னால் போக முடியாது என்று தெரிந்த இடத்தில் வண்டியைத் திருப்ப முடியுமா என்று கேட்டுக்கொள். பெரிய வண்டியைச் சின்ன டெரஸில் ஏற்றிவிட்டுப் பின்பக்கமாகவே இருட்டில் இறக்கி வந்தவர்களை எனக்குத் தெரியும். அதற்குப் பிறகு அவர்கள் வண்டியைப் பற்றிப் பெருமை பேசி நான் கேட்டதில்லை.

4. கப்சாயை இளப்பமாக நினைக்காதே. ஏடிவி வருவதற்கு வெகுகாலம் முன்பே இந்தத் தோட்டங்கள் கப்சாய் என்கிற சின்ன மோட்டார்சைக்கிளில் ஓடிக்கொண்டிருந்தன. 100 கிலோ தேறுமோ தேறாதோ என்கிற மோட்டாரில், பின்னால் இரு பக்கமும் பால் தோம்பு, முன்கூடையில் சோற்றுப் பாத்திரம் என்று ஈர மண்ணில் வழுக்காமல் போய்வந்தவர்கள் நம் பெண்கள். மழைக்காலத்தில் பின்சக்கரத்தில் சங்கிலி சுற்றுவார்கள். இல்லையென்றால் பல் பெரிதாக இருக்கும் டயர் போடுவார்கள். நீ ஏடிவி வாங்குவதற்கு முன் ஒரு மழைக்காலம் முழுவதும் தோட்டப் பாதையில் கப்சாய் ஓட்டு. எந்த மண் பிடிக்கும், எந்த மண் விடும், எங்கே பிரேக்கைத் தொடவே கூடாது என்று அது மெள்ள மெள்ளச் சொல்லும். இரண்டு சக்கர வண்டி சின்னச் சின்னதாக விழவைத்துப் பாடம் சொல்லும். நாலு சக்கர வண்டி எல்லாப் பாடத்தையும் சேர்த்து வைத்து ஒரே நாளில் சொல்லும்.

5. ஆசைக்கு அளந்து சுமை ஏற்றாதே. நன்கு கொழுத்த ஆண் காட்டுப்பன்றி 100 கிலோவையும் தாண்டும். சின்ன வண்டியின் பின் கேரியர் தாங்குவது 60 கிலோ, முன் கேரியர் 30 கிலோ. பெரியதில் பின்னால் 90, முன்னால் 50. அப்படியென்றால் 700 சிசி வாங்கினாலும் ஒரு பெரிய பன்றியை முழுசாகப் பின்னால் போட்டு வரக் கூடாது. இந்த எண்களை வண்டியிலேயே ஒட்டி விற்கிறார்கள், படிப்பவர்தான் இல்லை. பின்னால் மட்டும் பாரம் ஏற்றி மேடேறினால் முன்சக்கரம் லேசாகி ஹேண்டில் சொன்னபடி கேட்காது. அப்படியே பின்பக்கமாகக் கவிழ்ந்தால் வண்டி விழுவது ஓட்டியவன் மேல்தான். ஞாயிற்றுக்கிழமை நாய்களோடும் ஈட்டியோடும் வேட்டைக்குப் போன என் பெரியப்பாமார், விழுந்த இடத்திலேயே பன்றியைப் பங்கு போடுவார்கள். ஆளுக்கு ஒரு சாக்கு, நாய்க்கு ஒரு பங்கு, வேட்டைக்கு வர ஆண்பிள்ளை இல்லாத வீட்டுக்கு ஒரு பங்கு. பாரம் குறைந்தது, லயத்தில் உறவும் கெட்டுப்போகவில்லை. நீயும் இரண்டு நடையாகக் கொண்டு வா. அவசரப்பட்டு ஒரே நடையில் வந்து யாரும் பணக்காரன் ஆனதில்லை.

6. ஒற்றை ஆள் வண்டியில் இரண்டாவது ஆளை ஏற்றாதே. சீட் நீளமாக இருக்கிறதே என்று பார்க்காதே. ஓட்டுகிறவன் முன்னும் பின்னும் நகர்வதற்காக விட்ட நீளம் அது. மேடு ஏறும்போது முன்னால் சாய வேண்டும். இறங்கும்போது பின்னால் தள்ளி உட்கார வேண்டும். சரிவில் குறுக்கே போகும்போது மேட்டுப் பக்கம் எடையைப் போட வேண்டும். பின்னால் ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டிருந்தால் இதில் ஒன்றும் நடக்காது. சின்ன வண்டி நீ சாய்ந்தால் கேட்கும். பெரியது உன் சாய்வை அவ்வளவாக மதிக்காது. வேகத்தைக் குறைத்துத்தான் அதை வழிக்குக் கொண்டுவர முடியும். "ஏறிக்கோடா, பக்கந்தானே" என்பது நம் ஆட்களின் வாயில் ஊறிய பேச்சு. கூட்டாளி மேல் அக்கறை இருந்தால் அவனை நடந்து வரச் சொல். தினமும் இரண்டு பேர் போக வேண்டிய வேலை என்றால், இரண்டு பேருக்கென்றே செய்த வண்டி இருக்கிறது, அதைப் பார்.

7. மழையோடு பந்தயம் வைக்காதே. தீபகற்பத்திலேயே மழை குறைந்த வட்டாரம் என்று ஜெலுபுவைச் சொல்வார்கள். அந்த ஜெலுபுவிலேயே அக்டோபர், நவம்பர் மாலை மழையில் செம்மண் பாதை எண்ணெய் பூசியதுபோல் ஆகிவிடும். அப்போது ஒன்றை நினைவில் வை: நாலு சக்கரமும் இழுப்பது போவதற்குத்தான் உதவும், நிற்பதற்கு உதவாது. எடை கூடின வண்டி இறக்கத்தில் வழுக்க ஆரம்பித்தால் நிறுத்துவது இன்னும் சிரமம். சின்ன வண்டிக்காரன் பாதி மேட்டிலேயே சக்கரம் சுழன்று நின்றுவிடுவான். அதற்கு மேல் போக முடியாததே அவனுக்குக் காவல். பெரிய வண்டிக்காரன் உச்சி வரை ஏறிவிட்டு, இறங்குவதைப் பற்றி அங்கே போய் யோசிப்பான். ஓடையைக் கடப்பதானால் இறங்கி ஒரு கம்பை விட்டுப் பார். ஆழம் தெரியாமல் காலை விடக் கூடாது என்கிறபோது சக்கரத்தை விடலாமா? பெரிய ஏடிவிகள் பெரும்பாலும் பெல்ட்டில் ஓடுகிறவை. அந்த அறைக்குள் தண்ணீர் புகுந்தால் பெல்ட் வழுக்கும். இன்ஜின் உறுமும், வண்டி அசையாது.

8. கேட்டுவிட்டு உள்ளே போ. நாம் பிறந்து வளர்ந்த தோட்டமாக இருந்தாலும் மண் கம்பெனிக்குச் சொந்தம். அலுவலகத்தில் சொல்லி, முடிந்தால் எழுத்தில் வாங்கிக்கொண்டு போ. காவல்காரரிடம் எந்தப் பக்கம் போகிறாய், எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று சொல்லிவிட்டுப் போ. பெரம்புன், அங்சி, கெனாபோய் போன்ற வனக்காப்பகங்களுக்குள் நுழைய வன இலாகாவின் அனுமதி வேண்டும். பொதுச் சாலையில் ஏடிவி ஓட்டச் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜே விடுவதில்லை. விட்டாலும் அது தார்ச்சாலைக்குச் செய்த வண்டி அல்ல. காற்றுக் குறைந்த கொழுத்த டயர் வளைவில் தாரைப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சாய்க்கப் பார்க்கும். அதனால் வண்டி விலையோடு, அதை ஏற்றிக்கொண்டு போகும் வழியையும் கணக்கில் சேர். சின்னது ஒரு ஹைலக்ஸ் பின்தட்டில் நிம்மதியாக அடங்கும். பெரியது அடங்கினாலும், பலகை வைத்து ஏற்றி இறக்குவதே ஒரு தனி வேலை.

9. பன்றி பயிரைக் கெடுக்கிறது என்பதால் எல்லாம் சரியாகிவிடாது. காட்டுப்பன்றி இளஞ்செம்பனையின் குருத்தைத் தோண்டித் தின்னும். அதற்காகக் கன்றைச் சுற்றிக் கம்பி வலை கட்டுகிறார்கள். கோபம் நியாயந்தான். ஆனால் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 2010இன்படி பன்றியைச் சுடவும் வனவிலங்கு இலாகாவான பெர்ஹிலித்தானின் உரிமம் வேண்டும். துப்பாக்கிக்குத் தனி உரிமம். உரிமம் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்தால் 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு. இரவல் துப்பாக்கியைத் தொடவே தொடாதே. இருட்டில் தாப்பிர் தூரத்தில் ஒரு பெரிய பன்றியைப் போலவே நகரும். நம் மாநிலத்தில் தோட்ட எல்லைவரை வந்துபோகும். அது முழுப் பாதுகாப்புப் பெற்ற விலங்கு. என்னவென்று உறுதியாகத் தெரியாத எதையும் சுடாதே. கம்பிக் கண்ணி வைப்பவர்களோடு சேராதே. பன்றிக்கு வைத்த கண்ணியில் புலி மாட்டியிருக்கிறது. மலாயாப் புலி இன்று காட்டில் 150கூட இல்லை.

10. வண்டியில் போ, வண்டியிலிருந்து வேட்டையாடாதே. வண்டியின் வேலை உன்னைக் கொண்டுபோய் விடுவதும் சுமையைக் கொண்டுவருவதும். சுமந்து போகும் நேரம் முழுக்கத் துப்பாக்கி காலியாக உறைக்குள் இருக்கட்டும். தோட்டா தனியே இருக்கட்டும். இன்ஜினை வெகு தூரத்தில் அணைத்துவிட்டு, காற்று உன் முகத்தில் படும்படி நட. பன்றிக்குக் கண் மந்தம், மூக்கும் காதும் கூர்மை. பெரிய இன்ஜினின் உறுமலையும் சூடான எண்ணெயின் வாடையையும் உதிர்ந்த பழம் பொறுக்க வந்த கூட்டம் உனக்கு முன்பே தெரிந்துகொள்ளும். கூட வந்தவர்கள் எங்கே நிற்கிறார்கள் என்பது ஒவ்வொரு நிமிடமும் உனக்குத் தெரிய வேண்டும். பன்றி என்று நினைத்துக் கூட்டாளியைச் சுட்ட செய்தி இந்த நாட்டுப் பத்திரிகைகளில் வந்துகொண்டேதான் இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் சுட்டவனின் மிச்ச வாழ்க்கையைத்தான் நினைத்துக்கொள்வேன். புதர் அசைந்தால் அது புதர்தான். பன்றியைக் கண்ணால் கண்டால்தான் பன்றி.

11. வண்டியைக் கழுவிவிட்டு வீட்டுக்குள் நுழை. நெகிரி செம்பிலான்காரனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை; ஆனால் நீ பிறந்தது நிப்பா நோய்க்குப் பிறகு. 1998இல் ஈப்போ பக்கம் ஒரு மூளைக்காய்ச்சல் பன்றிப் பண்ணைகளில் கிளம்பியது. முதலில் கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே நினைத்தார்கள். விற்ற பன்றிகளோடு அது லோரி ஏறி நம் புக்கிட் பெலாண்டோக்குக்கு வந்தது. அங்குள்ள சுங்கை நிப்பா கிராமத்தின் பெயரால்தான் இன்று உலகம் அந்த வைரஸை அழைக்கிறது. பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கும் பன்றியிடமிருந்து மனிதனுக்கும் தாவிய அந்த நோயில் 105 பேர் இறந்தார்கள். பத்து லட்சத்துக்கு மேல் பன்றிகளை அழித்தார்கள். 2021இல் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சலும் இந்த நாட்டுக்குள் வந்துவிட்டது. அது மனிதனை ஒன்றும் செய்யாது, ஆனால் டயரிலும் பூட்ஸிலும் ஒட்டிய சேற்றோடு ஒரு பண்ணையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும். ஆகவே கையுறை போட்டுப் பன்றியை அறு. செத்துக் கிடப்பதைத் தொடாதே, இலாகாவுக்குச் சொல். கேரியர், டயர், மட்கார்டு எல்லாவற்றையும் சோப்புப் போட்டுத் தேய். தேய்த்துக் கழுவும் இடம் அதிகம் உள்ள வண்டி பெரியதுதான், அதையும் யோசி.

12. கடன்பட்டுப் பெருமை வாங்காதே. பெரிய ஏடிவியின் விலைக்கு ஒரு கார் வாங்கிவிடலாம். யானை வாங்கினால் அங்குசத்தோடு கதை முடிவதில்லை: பெல்ட், டயர், வின்ச், டிரெய்லர் என்று மாதாமாதம் தீனி கேட்கும். சின்னதன் சங்கதி எளிது; பகாவிலோ கோலப்பிலாவிலோ ஒரு நல்ல மோட்டார் கடைக்காரர் பெரும்பாலான பழுதைப் பார்த்துவிடுவார். 55 வயதில் வந்த இபிஎஃப் சேமநிதிப் பணத்தை வண்டியில் போட்டுவிட்டு, 60 வயதில் காவல் வேலைக்குப் போனவர்களை நம் சனத்தில் நிறையப் பார்த்திருக்கிறேன். இன்னொன்றையும் பார்த்திருக்கிறேன். வெள்ளைக்காரர்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்ற காலத்தில், துன் சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் வெட்டுகிறவர்கள் சிறுகச் சிறுகக் கட்டிய பணத்தில் அந்தச் சங்கம் தோட்டங்களையே வாங்கியது. சின்னப் பணத்துக்கு அவ்வளவு வலிமை உண்டு, அதை வட்டியாகக் கட்டாமல் இருந்தால்.

13. பிள்ளைகள் கையில் கொடுக்காதே. 1970இல் ஹோண்டா மூன்று சக்கர வண்டியைத்தான் முதலில் விற்றது. விளையாட்டுச் சாமான் போலிருந்தது, பிள்ளைகள் ஆசைப்பட்டார்கள், அமெரிக்காவில் அடிபட்டவர்களும் இறந்தவர்களும் பெருகினார்கள். 1988இல் அங்கே மூன்று சக்கர வண்டி விற்பதையே நிறுத்தும்படி ஆயிற்று. நாலு சக்கரம் வந்த பிறகும் ஆபத்து குறைந்ததே தவிர ஒழியவில்லை. 90 சிசிக்கு மேற்பட்ட வண்டி 16 வயது நிரம்பியவர்களுக்குத்தான் என்பது அப்போது அங்கு வகுத்த வழிமுறை. நீ சின்னது என்று நினைக்கும் 250கூடப் பிள்ளைகளுக்கு மிகப் பெரியது. தைப்பூசத்துக்கோ தீபாவளிக்கோ வீடு நிறையப் பிள்ளைகள் வரும்போது சாவி உன் பையில் இருக்கட்டும். மாமா ரொம்பக் கறார் என்று சொல்லட்டும், பரவாயில்லை.

14. சாமிக்கும் சனங்களுக்கும் இன்ஜினைத் தணி. ஒவ்வொரு தோட்டத்திலும் ஓர் எல்லையில் முனியாண்டி நிற்கிறார். வேட்டைக்குப் போகிறவர்கள் அங்கே ஒரு சுருட்டோ கற்பூரமோ வைத்துவிட்டுத்தான் உள்ளே போனார்கள். நீ நம்பினாலும் நம்பாவிட்டாலும் அந்த இடத்தில் வண்டியை நிறுத்து. அந்த ஒரு நிமிடத்தில் டயர், எண்ணெய், கயிறு, குடிநீர், போன் எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பார்க்கவும் நேரம் கிடைக்கும். ஜெலுபு பக்கம் தெமுவான் மக்களின் கம்போங்கைக் கடக்கும்போது நடக்கிற வேகத்தில் போ. அந்தக் காட்டை நமக்கு முன்பே அறிந்தவர்கள் அவர்கள். சிறு நிலக்காரரின் காய்கறிப் பாத்தியைச் சுற்றிக்கொண்டு போ. விடியற்காலை ஆள்கணக்கு எடுக்கும் பெரட்டுக்குப் போய்விட்டுக் காட்டுக்குள் குனிந்து பழம் பொறுக்கிக்கொண்டிருக்கும் பெண்ணுக்கு உன் வண்டி வருவது தெரியாது. உனக்கு அவள் இருப்பது தெரிய வேண்டும். பெரிய வண்டியில் உட்கார்ந்தவனுக்குத் தான் உயரத்தில் இருப்பதாக ஒரு மயக்கம் வரும். அது வருகிறதா என்று உன்னைப் பார்த்துக்கொள்.

15. இனி நீ கேட்டதற்குப் பதில். தனியாகவோ ஒரு கூட்டாளியோடு ஆளுக்கொரு வண்டியிலோ போகிறாய், தோட்டத்துக்குள்ளும் டெரஸிலும்தான் ஓட்டம், பாரம் 60 கிலோவுக்குள், பழுது பார்ப்பது நீயே என்றால் 250ஐ வாங்கு. அதற்கு மேல் தேவையில்லை. நாலைந்து பேர் சேர்ந்து போகும் குழு, உயரமான கட்டையும் ஆழமான சேறும் உள்ள காட்டுப்பாதை, டிரெய்லர் கட்டி இழுக்கும் வேலை, பணத்தைப் பங்கு போட ஆள், வின்ச் போடப் பழகியவன் ஒருவன், இத்தனையும் இருந்தால் 500க்கு மேல் போகலாம். இதில் ஒன்று குறைந்தாலும் கொஞ்ச காலம் பொறு. இரண்டுக்கும் நடுவில் தடுமாறினால் முதல் வண்டி சின்னதாக இருக்கட்டும். சின்னதில் பழகியவன் பெரியதைப் பதமாக ஓட்டுவான். பெரியதில் தொடங்கியவன் சின்னதிலும் பெரிய வண்டியின் திமிரோடுதான் போவான். வாங்குவதற்கு முன் மழை பெய்த மறுநாள் ஒரு வண்டியை வாடகைக்கு எடுத்து, நீ நடந்து அளந்த அதே பாதையில் போய், நடுவில் நிறுத்தித் திருப்பிப் பார். திருப்ப முடிந்தால் விலை பேசு. ஆனால் கடைக்குப் போகும் அன்றைக்கே ஹெல்மெட்டையும் கணுக்காலை மூடும் பூட்ஸையும் முதல் சாமானாக வாங்கிவிடு. அதற்குப் பிறகு கையில் மிஞ்சும் பணத்துக்கு என்ன வண்டி வருகிறதோ, அதுதான் உன் வண்டி.